தொலைப்பட ஸூம் வில்லை: தரம் பற்றிய மூன்று கருத்துக்களின் வரலாறு

ஒரு கருவியின் தரம் பற்றி மக்களிடையே நிலவும் கருத்துக்களுக்கும் வரலாறு உண்டு. அக்கருத்துக்கள் தோன்றிய காலத்தில் அவற்றிற்குப் போதிய நியாயம் இருந்திருக்கும். அந்த நியாயத்தைத் தந்த நிலைமைகள் மாறிய பின்னரும் கருத்து மட்டும் எஞ்சி நின்று, அனுபவம் என்ற பெயரில் அடுத்த தலைமுறையினருக்குக் கையளிக்கப்படுவதுண்டு. கமராவுக்குரிய தொலைப்பட ஸூம் வில்லையைப் பொறுத்தவரை இது பெரிதும் உண்மையாகும்.

டிஜிற்றல் எனப்படும் இலக்கமுறைக் கமரா ஒன்றை உடையவர், அதனோடு கிடைத்த சிறு வில்லைக்கு அடுத்தபடியாக வாங்க விரும்புவது பெரும்பாலும் தொலைப்பட ஸூம் வில்லையையே. குளத்தின் நடுவே நிற்கும் பறவையையும், மைதானத்தின் மறுகோடியில் ஓடும் வீரனையும், கோபுரத்தின் மேல்நிலையிலுள்ள சுதைச் சிற்பத்தையும் அண்மையாக்கிக் காட்டுவது அதுவே. அதனை வாங்க முற்படுபவர் மூன்று கூற்றுக்களைக் கேட்க நேரிடும். நிலையான குவியத் தூரம் கொண்ட வில்லைக்கு ஸூம் வில்லை ஒருபோதும் நிகராகாது என்பது முதலாவது. பெரிய துவாரமும் பெரிய பாரமும் உடையதே தரமானது என்பது இரண்டாவது. பெயர்பெற்ற கமரா நிறுவனத்தின் சொந்த வில்லையே நம்பத்தக்கது என்பது மூன்றாவது.

இம்மூன்று கூற்றுக்களும் எக்காலத்தில், எக்காரணங்களால் உண்மையாயிருந்தன என்பதையும், அக்காரணங்கள் இன்று எந்த அளவுக்கு நிலைத்துள்ளன என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். நல்ல வில்லையொன்றின் விலை ஓர் ஆசிரியரின் பல மாதச் சம்பளத்துக்கு ஈடாக உள்ள ஒரு நாட்டில், இவ்வாராய்ச்சி வெறும் பொழுதுபோக்கு ஆகாது. பழைய கருத்தை நம்பிப் பணம் செலவிடுபவர், முன்னரே தீர்க்கப்பட்டுவிட்ட ஒரு குறைபாட்டுக்காக விலை கொடுப்பவராகின்றார். அதனிலும் பாரதூரமானது, அவ்விலையைக் கொடுக்க இயலாதவர் தமக்கு இத்துறையில் இடமேயில்லை என முடிவு செய்து ஒதுங்கிவிடுவதாகும்.

தொலைப்பட வில்லையின் தோற்றம்

டாகுவேரின் படமுறை 1839ஆம் ஆண்டிற் பாரிசில் வெளியிடப்பட்டது. அப்போது பயன்பட்ட வில்லைகள் மிகக் குறைந்த ஒளியையே உட்புகவிட்டமையால், படம் எடுக்கப்படுபவர் பல நிமிடம் அசையாதிருக்க வேண்டியிருந்தது. இக்குறையை நீக்க முற்பட்டவர் வியன்னாவிற் கணிதப் பேராசிரியராக விளங்கிய யோசப் பெற்ஸ்வால் ஆவார். 1840இல் அவர் அமைத்த உருவப்பட வில்லையின் துவார எண் 3.6 ஆகும். அதற்கான நீண்ட கணிப்புக்களிற் கணக்கிற் பயிற்சி பெற்ற ஒஸ்திரியப் பீரங்கிப் படையினர் அவருக்கு உதவினர். பட்டறையிற் கண்ணாடிகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கும் முறை கைவிடப்பட்டு, கணித்த பின்னர் கண்ணாடியைத் தீட்டும் முறை இவ்வாறு முன்னணிக்கு வந்தது.

துவார எண் என்பது வில்லையின் குவியத் தூரத்தை அதன் துவாரத்தின் விட்டத்தால் வகுத்துப் பெறப்படுவது. எண் சிறிதாக, உட்புகும் ஒளி மிகும். குவியத் தூரம் என்பது, எளிமையாகக் கூறின், தொலைவிலுள்ள பொருளை வில்லை எவ்வளவு பெரிதாகப் பதிக்கும் என்பதைத் தீர்மானிக்கும் அளவாகும். குவியத் தூரம் இரட்டிக்க, பதியும் உருவின் உயரமும் இரட்டிக்கும். ஆனால் சாதாரண அமைப்புடைய வில்லையொன்று தன் குவியத் தூரத்துக்கு ஏறத்தாழச் சமமான தூரத்திலேயே உருவை அமைக்கும். எனவே குவியத் தூரம் நீள, கமராவும் நீள வேண்டியிருந்தது.

இந்நீளத்தைக் குறைக்கும் வழி 1891ஆம் ஆண்டளவில் மூவரால் தனித்தனியே காணப்பட்டது. இலண்டனில் தோமஸ் றுடோல்பஸ் டால்மேயரும், ஜேர்மனியில் அடோல்ப் மீத்தே, அடோல்ப் ஸ்டைன்ஹைல் ஆகியோருமே அம்மூவர். முன்னே ஒளியைக் குவிக்கும் கண்ணாடித் தொகுதியொன்றும், பின்னே அவ்வொளியைச் சற்று விரிக்கும் தொகுதியொன்றும் அமைப்பின், வில்லையின் உடல் அதன் குவியத் தூரத்திலும் குறுகியதாகும். கலிலியோவின் தொலைநோக்கியிற் காணப்பட்ட அடிப்படையே இங்குப் புகைப்படத்துக்குப் பயன்படுத்தப்பட்டது. டெலிபோட்டோ என வழங்கும் தொலைப்பட வில்லை என்பதன் சரியான பொருள் இதுவே.

எனினும் இவ்வமைப்புக்குரிய ஒரு விலையும் இருந்தது. முன்தொகுதி அமைக்கும் உருவைப் பின்தொகுதி பெருப்பிக்கின்றது. உருவுடன் சேர்ந்து முன்தொகுதியின் குறைகளும் பெருக்கப்படுகின்றன. சிறு குவியத் தூரமுடைய வில்லையிற் கண்ணுக்குப் புலப்படாத தவறு, தொலைப்பட வில்லையிற் புலப்பட்டுவிடும். தொலைப்பட வில்லையின் பிற்கால வரலாறு முழுவதும் பெரும்பாலும் இச்சிக்கலுக்குத் தீர்வு தேடிய வரலாறு எனலாம்.

கண்ணாடியும் பூச்சும்

அத்தகைய குறைகளுள் முதன்மையானது நிறப்பிறழ்ச்சி. அரியத்தின் ஊடாகச் செல்லும் வெள்ளொளி பல நிறங்களாகப் பிரிவது போன்று, வில்லையின் ஊடாகச் செல்லும் ஒளியும் பிரிகின்றது. நீலம் ஓரிடத்திலும் சிவப்பு வேறோரிடத்திலும் குவிகின்றன. இதன் விளைவாக, வானத்தை எதிர்த்து நிற்கும் கிளையின் ஓரத்தில் ஊதாக்கோடு தோன்றுகின்றது; படத்தின் கூர்மையும் மங்குகின்றது. இருவகைக் கண்ணாடிகளை இணைத்து இரு நிறங்களை ஓரிடத்திற் குவிக்கும் முறை 18ஆம் நூற்றாண்டிலேயே அறியப்பட்டிருந்தது. ஆனால் எஞ்சிய நிறங்களின் தவறு தொடர்ந்தது. குவியத் தூரம் நீள நீள அத்தவறும் வளர்ந்தது.

ஜேர்மனியின் யேனா நகரிற் கார்ல் சைஸ் நிறுவனத்துடன் இணைந்து உழைத்த ஏர்ன்ஸ்ட் அபே, இச்சிக்கல் கணிதத்தால் மட்டும் தீராது எனவும் புதிய கண்ணாடி வகைகள் தேவை எனவும் உணர்ந்தார். ஒற்றோ ஷொட் என்னும் இரசாயனவியலாளருடன் அவர் கொண்ட கூட்டுறவின் பயனாக 1884இல் யேனாவிற் கண்ணாடி ஆய்வுகூடம் ஒன்று நிறுவப்பட்டது. 1886இல் மூன்று நிறங்களை ஒன்றுசேர்க்கும் நுணுக்குக்காட்டி வில்லைகள் வெளிவந்தன. இவற்றிற் புளோரைற்று எனப்படும் இயற்கைப் பளிங்கும் பயன்பட்டது. அப்பளிங்கு ஒளியை மிகக் குறைவாகவே நிறங்களாகப் பிரிக்கும். ஆயின் குறையற்ற பெரிய பளிங்குகள் இயற்கையில் அரிதாகையால், அது நுணுக்குக்காட்டியின் சிறு வில்லைகளுக்கே உதவியது.

செயற்கையாகப் புளோரைற்றுப் பளிங்கை வளர்க்கும் முறையை 1960களின் பிற்பகுதியில் யப்பானின் கனொன் நிறுவனம் கைவரப்பெற்றது. அதனைப் பயன்படுத்திய 300 மி.மீ. வில்லை 1969இல் விற்பனைக்கு வந்தது. நிக்கொன் நிறுவனம் 1970களின் தொடக்கத்தில், நிறப்பிரிக்கை மிகக் குறைந்த தனிவகைக் கண்ணாடியைத் தன் நீண்ட வில்லைகளிற் புகுத்தியது. அபேயின் எண்ணம் சாதாரணக் கமராவை அடைய எண்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. எண்ணம் தோன்றுவது போதாது, அதனை நிறைவேற்றும் மூலப்பொருள் பெருமளவில் உற்பத்தியாக வேண்டும் என்பதற்கு இஃது ஒரு தக்க சான்றாகும்.

இங்கு ஒரு சிறு செய்தி நோக்கற்பாலது. புளோரைற்று வெப்பத்தால் எளிதில் மாற்றமடையும் இயல்பினது. வெயிலில் வில்லை சூடேறாதிருக்க அதன் உடலுக்கு வெண்ணிறம் பூசப்பட்டது. நாளடைவில் விளையாட்டரங்குகளின் ஓரத்தில் வரிசையாக நிற்கும் வெண்ணிற வில்லைகள் உயர்தரத்தின் அடையாளமாயின. வெப்பத்தைத் தடுக்கப் பூசிய நிறம் மதிப்பைக் காட்டும் நிறமாயிற்று.

இரண்டாவது குறை கண்ணாடி மேற்பரப்பில் நிகழும் தெறிப்பு. பூச்சற்ற கண்ணாடியின் ஒவ்வொரு மேற்பரப்பிலும் ஏறத்தாழ 4 சதவீத ஒளி தெறித்து இழக்கப்படுகின்றது. பத்துத் தொகுதிகள் கொண்ட வில்லையொன்றில் இருபது மேற்பரப்புக்கள் உள. இருபதையும் கடந்து செல்லும் ஒளி 44 சதவீதம் மட்டுமே. தெறித்த ஒளியின் ஒரு பகுதி உள்ளேயே அலைந்து படத்தின் மீது வெண்புகை போலப் படிகின்றது. 1935இல் சைஸ் நிறுவனத்தின் அலெக்சாண்டர் ஸ்மாகுலா மென்படலப் பூச்சு முறையைக் கண்டார். 1971 முதல் பென்ராக்ஸ் வில்லைகளிற் பல அடுக்குப் பூச்சு இடம்பெற்றது. ஒரு மேற்பரப்பின் இழப்பு அரைச் சதவீதமாகக் குறையுமாயின், இருபது மேற்பரப்புக்களைக் கடந்தும் 90 சதவீத ஒளி எஞ்சும். இவ்வேறுபாடு நிலையான வில்லையிலும் பார்க்க ஸூம் வில்லைக்கே பெரிதும் உயிரளித்தது. ஏனெனில் அதிகமான கண்ணாடிகளைக் கொண்டது அதுவே.

முதலாவது கருத்து: ஸூம் வில்லையின் தாழ்வு

குவியத் தூரத்தை மாற்றவல்ல வில்லையொன்றுக்கு 1902ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவிற் கிளைல் அலன் என்பவர் காப்புரிமை பெற்றார். 1932இல் 40 முதல் 120 மி.மீ. வரை மாறும் குக் வாரோ என்னும் வில்லை சினிமாக் கமராவுக்கென வெளிவந்தது. வியன்னாவிற் பிறந்து அமெரிக்காவுக்குப் புலம்பெயர்ந்த பிராங் பக் என்பவர் ஸூமார் என்னும் வில்லையை அமைத்தார். 1947இல் அமெரிக்கத் தொலைக்காட்சியின் பேஸ்போல் ஒளிபரப்பில் அது பயன்பட்டது. பிரான்சிற் பியர் ஆன்ஷெனியோ 1956இல் 16 மி.மீ. சினிமாக் கமராவுக்கு 17 முதல் 68 மி.மீ. வரையிலான ஸூம் வில்லையை ஆக்கினார். நிலைப்படக் கமராவுக்கான 36–82 மி.மீ. ஸூமார் 1959இலேயே வந்தது. அதே ஆண்டில் நிக்கொன் 85 முதல் 250 மி.மீ. வரையிலான தொலைப்பட ஸூம் வில்லையை அறிமுகப்படுத்தியது.

சினிமாவும் தொலைக்காட்சியும் முந்திக்கொள்ள, நிலைப்படம் ஏன் பின்தங்கியது என்னும் வினா இங்கு எழுகின்றது. அசையும் படத்தில் ஒரு சட்டம் கணப்பொழுதே கண்முன் நிற்கும். அக்காலத் தொலைக்காட்சியின் நுணுக்கமும் மிகக் குறைவு. நிலைப்படமோ பெரிதாக்கப்பட்டுச் சுவரில் தொங்குவது. நெடுநேரம் உற்றுப் பார்க்கப்படுவது. ஆகவே தொலைக்காட்சிக்குப் போதுமான வில்லை நிலைப்படத்துக்குப் போதவில்லை.

குறைபாட்டின் வேர் ஸூம் வில்லையின் அமைப்பிலேயே இருந்தது. அதனுள் ஒரு தொகுதி நகர்ந்து குவியத் தூரத்தை மாற்றுகின்றது. அந்நகர்வினால் உருவமையும் தளம் இடம்பெயராதிருக்க, வேறொரு தொகுதி தக்க அளவில் உடன் நகர வேண்டும். நிலையான வில்லையின் குறைகளை ஒரு நிலைக்குத் திருத்தினாற் போதும். ஸூம் வில்லையிலோ ஒரு நிலைக்குச் செய்த திருத்தம் மறுநிலையைக் கெடுக்கும். ஒளிக்கதிர் ஒவ்வொன்றின் பாதையையும் மடக்கை வாய்பாட்டைக் கொண்டு கையாற் கணித்த காலத்தில், இவ்வளவு நிலைகளையும் ஆராய்தல் இயலாத காரியமாயிருந்தது.

கணினியின் வருகையே இத்தடையை நீக்கியது. கொன்ராட் சூசே அமைத்த இசட் 5 என்னும் கணினி 1953இல் ஜேர்மனியின் லைற்ஸ் ஒளியியல் நிறுவனத்துக்கு வழங்கப்பட்டமை குறிப்பிடத்தக்கது. தொடக்ககாலக் கணினிகளுட் சில வில்லைக் கணிப்புக்கெனவே வாங்கப்பட்டன. எனினும் பயன் உடனே கிட்டவில்லை. 1963இல் வெளிவந்த நிக்கொனின் 43–86 மி.மீ. ஸூம் வில்லை எளிமையாலும் விலையாலும் பெருமளவில் விற்பனையாயிற்று. ஆனால் நேர்கோட்டை வளைத்துக் காட்டும் குறையால் அவப்பெயரும் பெற்றது. ஸூம் வில்லை தாழ்ந்தது என்னும் கருத்தைப் பலரிடையே வேரூன்றச் செய்தவை இத்தகைய வில்லைகளே. சில ஆண்டுகளின் பின், 1970ஆம் ஆண்டை ஒட்டி வெளிவந்த அதே நிறுவனத்தின் 80–200 மி.மீ. வில்லையைப் பத்திரிகைப் படப்பிடிப்பாளர் விரும்பி ஏற்றனர். 1980களின் இறுதியில் துவார எண் 2.8 உடைய 80–200 மி.மீ. வில்லைகள் அத்தொழிலின் அன்றாடக் கருவிகளாயின.

ஆகவே முதலாவது கருத்து 1960களின் அனுபவத்திற் பிறந்தது. கணினிக் கணிப்பு, புதிய கண்ணாடி, பல அடுக்குப் பூச்சு ஆகிய மூன்றும் ஒன்றுசேர்ந்த பின்னர் அதன் அடிப்படை தளர்ந்துவிட்டது. இருப்பினும் அதில் ஒரு பகுதி இன்றும் மெய்யாகவே உள்ளது. மாறும் எல்லை மூன்று மடங்களவில் அமைந்த 70–200 போன்ற வில்லையைத் திருத்துதல், பத்து மடங்குக்கு மேல் விரியும் வில்லையைத் திருத்துவதிலும் எளிது. எல்லை விரிய விரியச் சமரசமும் விரியும். ஸூமா நிலையானதா என வினவுவதை விடுத்து, எத்தனை மடங்கு ஸூம் என வினவுவதே இன்று பொருத்தமானது.

இரண்டாவது கருத்து: துவாரமும் பாரமும்

பெரிய துவாரத்தின் மதிப்பு படச்சுருளின் வரம்பினால் உருவாயிற்று. 1970களில் விளையாட்டையோ ஊர்வலத்தையோ படம்பிடித்தவரின் படச்சுருள் பெரும்பாலும் 400 என்னும் ஒளியுணர்வு எண்ணையே உடையது. மாலை நேரத்தில் விரைந்தோடும் வீரனைத் தெளிவாகப் பதிக்க, துவாரத்தைப் பெருப்பிப்பதைத் தவிர வேறு வழி அரிது. துவாரம் பெருகப் பாரமும் பெருகியது. 200 மி.மீ. குவியத் தூரத்தில் துவார எண் 2.8 ஆக இருக்க வேண்டுமாயின் துவாரத்தின் விட்டம் 71 மி.மீ. ஆதல் வேண்டும். துவார எண் 4 ஆயின் 50 மி.மீ. போதும். இஃது எந்நிறுவனத்தாலும் மீற இயலாத கணக்கு. 2006இல் வெளிவந்த கனொனின் துவார எண் 4 உடைய 70–200 மி.மீ. வில்லை 760 கிராம் பாரமுடையது. 2010இல் வந்த துவார எண் 2.8 உடைய வில்லையின் பாரம் 1,490 கிராம் ஆகும்.

இரு மாற்றங்கள் இந்நிலைமையைக் குலைத்தன. முதலாவது, அதிர்வு தணிப்பு. கையின் சிறு நடுக்கத்தையும் தொலைப்பட வில்லை பெருப்பித்துக் காட்டும். 300 மி.மீ. வில்லையைக் கையிற் பிடித்துப் படமெடுப்பவர் செக்கனில் 300இல் ஒரு பங்கு நேரத்துக்கு மேல் ஒளியை விடலாகாது என்பது பழைய விதி. 1995இல் கனொன் வெளியிட்ட 75–300 மி.மீ. ஸூம் வில்லை, மாற்றிப் பொருத்தும் கமரா வில்லைகளுள் அதிர்வு தணிக்கும் முதலாவது வில்லையாகும். நடுக்கத்தை உணரும் கருவிகள் அதனை அளக்க, வில்லைத் தொகுதியொன்று எதிர்த்திசையில் நகர்ந்து அதனை ஈடுசெய்தது. நான்கு மடங்கு நீண்ட நேரம் ஒளியைவிட அது இடமளித்தது. இப்புதுமை முதலில் இடம்பெற்றது விலையுயர்ந்த பெருந்துவார வில்லையில் அன்று, சாதாரண வாசகரும் வாங்கக்கூடிய வில்லையில் என்பது மனங்கொள்ளத்தக்கது.

இரண்டாவது, உணரியின் வளர்ச்சி. 1991இல் கொடாக் நிறுவனத்தின் முதல் இலக்கமுறைத் தொழிற்கமராவும் 1999இல் நிக்கொனின் டி 1 கமராவும் வெளிவந்தன. 2007இல் நிக்கொனின் டி 3 கமரா 6400 என்னும் ஒளியுணர்வு எண்ணைச் சாதாரண எல்லைக்குள் கொணர்ந்தது. இது 400இன் 16 மடங்கு. துவார எண் 2.8இலிருந்து 5.6க்கு மாறுவதால் இழக்கப்படும் ஒளி நான்கு மடங்கே. சிறு துவாரத்தால் ஏற்படும் இழப்பை உணரியே ஈடுசெய்யும் நிலை இவ்வாறு தோன்றியது. 2013, 2014ஆம் ஆண்டுகளில் தம்ரொன், சிக்மா ஆகிய நிறுவனங்கள் வெளியிட்ட 150–600 மி.மீ. ஸூம் வில்லைகள் பறவை நோக்குவோரிடையே விரைந்து பரவியமைக்கு இதுவே அடிப்படை. படச்சுருட் காலத்தில் துவார எண் 6.3 உடைய வில்லையைப் பலர் பொருட்படுத்தியிருக்க மாட்டார்கள்.

எனினும் பெருந்துவாரம் பயனற்றதாகிவிடவில்லை. அதிர்வு தணிப்பு எடுப்பவரின் நடுக்கத்தை மட்டுமே ஈடுசெய்யும். ஓடும் வீரனை நிறுத்தாது. மங்கிய ஒளியில் நடைபெறும் நாடகத்தையும் நடனத்தையும் எடுப்பவருக்குத் துவாரம் இன்றும் இன்றியமையாதது. பின்னணியை மங்கச் செய்து உருவைப் பிரித்துக் காட்டுவதற்கும் அது உதவும். ஆனால் இவை குறிப்பிட்ட தேவைகள். பகலொளியிற் கோபுரச் சிற்பத்தைப் பதிவுசெய்யும் ஆய்வாளருக்கு இத்தேவைகள் இல்லை. அவர் அதற்கென விலையும் பாரமும் சுமப்பது, வேறொருவரின் தொழிலுக்கான கருவியைச் சுமப்பதாகும்.

மூன்றாவது கருத்து: பெயரின் உத்தரவாதம்

இரண்டாம் உலக யுத்தத்துக்கு முன்னர் உயர்தர வில்லை என்றால் அது ஜேர்மன் வில்லை என்பதே பொதுவான எண்ணம். யேனாவின் கண்ணாடித் தொழிலும், கணிப்பாளர்களும், கைவினைஞரும் ஓரிடத்தில் திரண்டிருந்தமை இதற்குக் காரணம். 1945இல் அமெரிக்கப் படையினர் யேனாவின் விஞ்ஞானிகள் பலரை மேற்கு ஜேர்மனிக்குக் கொண்டு சென்றனர். தொடர்ந்து அங்கு வந்த சோவியத் ஆட்சியினர் 1946இல் தொழிற்சாலையின் இயந்திரங்களைக் கழற்றிச் சென்றனர். கிழக்கிலும் மேற்கிலும் சைஸ் என்னும் ஒரே பெயருக்கு இரு நிறுவனங்கள் உரிமை கோரின. பெயர் ஒன்றாயிருக்க, பெயருக்குப் பின்னிருந்த உற்பத்தி இரண்டாகப் பிளவுண்டது.

யப்பானில் 1917இல் நிறுவப்பட்ட நிப்பொன் கோகாக்கு நிறுவனம் யுத்தகாலத்தில் இராணுவ ஒளியியற் கருவிகளைச் செய்து வந்தது. பிற்காலத்தில் நிக்கொன் எனப் பெயர்பெற்றது இந்நிறுவனமே. யுத்தத்தின் பின் அச்சந்தை அற்றுப்போகக் கமராத் தொழிலுக்குத் திரும்பியது. 1950இல் லைஃப் சஞ்சிகையின் படப்பிடிப்பாளரான டேவிட் டக்ளஸ் டங்கன் அதன் வில்லைகளைத் தம் கமராவிற் பொருத்திக் கொரிய யுத்தத்தைப் படமெடுத்தார். அப்படங்களின் தெளிவு நியூயோர்க்கில் வியப்பை ஏற்படுத்தியது. மலிவான போலிப்பொருள் என்றே அதுவரை யப்பானியக் கைத்தொழிற் பொருள்கள் மேலைநாடுகளிற் கருதப்பட்டு வந்தன என்பதை இங்கு நினைவுகூர்தல் வேண்டும். அடுத்த இருபது ஆண்டுகளில் தலைமை கைமாறியது.

அதே நிகழ்ச்சி யப்பானுக்குள்ளேயும் சிறிய அளவில் மீண்டும் நடந்தது. வேறு நிறுவனங்களின் கமராக்களுக்கு வில்லை செய்யும் சிக்மா, தம்ரொன் ஆகியன நீண்ட காலம் இரண்டாந்தரமாகவே மதிக்கப்பட்டன. இன்று அவற்றின் வில்லைகளிற் சில கமரா நிறுவனங்களின் சொந்த வில்லைகளோடு ஒப்பிட்டு விரும்பி வாங்கப்படுகின்றன. பெயர் என்பது கடந்தகால உழைப்பின் பதிவு. குறிப்பிட்ட ஒரு வில்லையின் உத்தரவாதம் அன்று. ஒரே நிறுவனம் மிகச் சிறந்த வில்லையையும் மிகச் சாதாரணமான வில்லையையும் ஒரே ஆண்டில் விற்பதுண்டு. நிக்கொனின் 43–86, 80–200 வில்லைகளே இதற்குச் சான்று. இருப்பினும் தன்னியக்கக் குவியப்படுத்தல், பழுதுபார்க்கும் வசதி என்பவற்றில் கமராவும் வில்லையும் ஒரே நிறுவனத்துக்குரியனவாக இருப்பதால் வரும் நன்மையை மறுத்தல் இயலாது.

உணரியும் வில்லையும்

மேற்கூறியவற்றிலிருந்து ஓர் உண்மை புலனாகின்றது. தரம் என்பது வில்லையினுள் மட்டும் அடங்கிய ஒன்றன்று. வில்லைக்கும் அதன் பின்னாலுள்ள பதிவுப் பரப்புக்கும் இடையிலான உறவே அது. அவ்வுறவு இலக்கமுறைக் காலத்தில் மூன்று வகையில் மாறியுள்ளது.

முதலாவதாக, பல கமராக்களின் உணரி பழைய 35 மி.மீ. படச்சட்டத்திலும் சிறியது. 23.5 மி.மீ. அகலமுடைய உணரி, 200 மி.மீ. வில்லை தரும் உருவின் நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுப்பதால், பெரிய உணரியில் 300 மி.மீ. வில்லை காட்டும் காட்சியைத் தருகின்றது. தொலைவை நாடுபவருக்கு இது செலவில்லாத நன்மை. இரண்டாவதாக, அச்சிறு உணரியில் 24 மில்லியன் படப்புள்ளிகள் அமையின் ஒவ்வொரு மில்லிமீற்றரிலும் ஏறத்தாழ 255 புள்ளிகள் உள. படச்சுருளில் மறைந்திருந்த குறைகளை அது வெளிப்படுத்திவிடும். பழைய வில்லையைப் புதிய கமராவிற் பொருத்துவோர் அடையும் ஏமாற்றத்துக்குக் காரணம் இதுவே. மூன்றாவதாக, 2008ஆம் ஆண்டில் ஆடியற்ற கமராக்கள் வரத்தொடங்கியது முதல், கோட்டு வளைவு போன்ற குறைகளைக் கண்ணாடியால் திருத்தாது கமராவின் கணிப்பினால் திருத்தும் வழக்கம் பரவியுள்ளது. 1840இற் பீரங்கிப் படையினர் கண்ணாடி தீட்டப்படுமுன் செய்த கணக்கை, இன்று கமரா படம் எடுக்கப்பட்ட பின் செய்கின்றது எனலாம். வில்லையின் பாரம் குறைந்தமைக்கு இதுவும் ஒரு காரணம். ஆயினும் பதியாத நுணுக்கத்தை எக்கணிப்பும் படைத்துவிடாது.

தெரிவு செய்யும் முறை

இவ்வரலாற்றிலிருந்து பெறப்படும் நடைமுறை யாது? வாங்குபவர் முதலில் வினவ வேண்டியது, தாம் எதனை, எவ்வொளியில் எடுக்கப்போகின்றார் என்பதே. விழாவும் நாடகமும் எனின் துவாரமும், பகலொளிப் பறவை எனின் குவியத் தூரமும், சிற்பமும் கட்டடமும் எனின் அதிர்வு தணிப்பும் ஓரக் கூர்மையும் முதன்மை பெறும். நெடுந்தூரம் நடந்து களஆய்வு செய்பவருக்குப் பாரமும் தரத்தின் ஒரு பகுதியே. அறையில் விட்டுச் செல்லப்படும் வில்லை எத்துணைச் சிறந்ததாயினும் படம் தராது.

அடுத்து, வில்லையைக் கையில் எடுத்துச் சோதித்தல் வேண்டும். மிகப் பெரிய துவாரத்திலும் மிக நீண்ட குவியத் தூரத்திலும் வைத்து எடுத்துப் பார்த்தல் நன்று. பெரும்பாலான ஸூம் வில்லைகள் தம் வலுக்குறையைக் காட்டுவது அங்கேதான். வானத்தை எதிர்த்து நிற்கும் இலைகளை எடுப்பின் நிறப்பிறழ்ச்சி வெளிப்படும். தட்டையான சுவரொன்றை நேரே எடுத்து நான்கு மூலைகளையும் ஒப்பிடின், கண்ணாடி மையம் பிசகியுள்ளதா என்பது தெரியவரும். ஒரு மூலை மட்டும் மங்கியிருப்பின் அந்த வில்லையைத் தவிர்த்தல் நல்லது.

பழைய வில்லையை வாங்குவோர் நம் நாட்டின் ஈரலிப்பான காலநிலையை மனங்கொள்ள வேண்டும். ஒளியை ஊடுசெலுத்தி உள்ளே நோக்கின், சிலந்தி இழை போன்ற பங்கசு படர்ந்திருப்பதைக் காணலாம். முற்றிய பங்கசு பூச்சையே அரித்துவிடும். பின்னர் துடைத்தும் பயனில்லை. நல்ல நிலையிலுள்ள வில்லையும் காற்றுப்புகாத பெட்டியில் ஈரமுறிஞ்சும் சிலிக்கா ஜெல்லுடன் வைக்கப்படாவிடின் சில ஆண்டுகளிற் கெட்டுவிடலாம். ஸ்மாகுலா கண்ட பூச்சைக் காப்பாற்றுவது வாங்கியவரின் கையிலேயே உள்ளது.

முடிவாக நோக்குமிடத்து, மூன்று கருத்துக்களும் முற்றிலும் பொய்யல்ல. ஒவ்வொன்றும் ஒரு காலத்தின் உற்பத்தி நிலையைச் சரியாகவே எடுத்துக்காட்டியது. அக்காலத்தை மறந்து அவற்றை என்றைக்கும் உரிய விதிகளாக்கும்போது, தரம் என்னும் சொல் விலை என்பதன் மறுபெயராகிவிடுகின்றது. அந்நிலையில் அழிந்துவரும் கூத்தையும், சிதைந்துவரும் சிற்பத்தையும், குறைந்துவரும் பறவைகளையும் பதிவு செய்யவேண்டிய இளைஞர் பலர், தம்மிடமுள்ள அல்லது தாம் வாங்கக்கூடிய வில்லையால் இயலாது என எண்ணிக் கைகட்டி நிற்க நேரிடும். 1959இன் சிறந்த படப்பிடிப்பாளர் கண்டிராத தெளிவை இன்றைய சாதாரணத் தொலைப்பட ஸூம் வில்லை தருகின்றது. எக்குறை தீர்ந்துவிட்டது, எது இன்னும் தீரவில்லை, அவற்றுள் எது தம் பணிக்குத் தடையாகும் என்பதை அறிந்து வாங்குபவர் குறைந்த செலவிலும் நிறைந்த பயன் பெறுவர் என்பது இவ்வரலாறு உணர்த்தும் பாடமாகும்.